641ஏ இலக்க அறை: நிறுவனக் கண்காணிப்பும் ஓர் ஊழியரின் சாட்சியமும்

ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், போல்சம் வீதியின் 611ஆம் இலக்கத்தில் உயர்ந்ததொரு கட்டடம் நிற்கின்றது. அந்நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்புக் கம்பனிகளுள் ஒன்றான ஏ.டீ. அன்ட் டீ. அதன் சில மாடிகளில் தனது இணைப்பகத்தை நடத்தி வந்தது. 2003ஆம் ஆண்டில் அக்கட்டடத்தின் ஆறாம் மாடியில், ஏறத்தாழ 24 அடி அகலமும் 48 அடி நீளமும் கொண்ட அறையொன்று புதிதாக அமைக்கப்பட்டது. அதன் இலக்கம் 641ஏ. கம்பனியின் சாதாரணத் தொழில்நுட்ப ஊழியர் எவருக்கும் அதனுள் நுழைய அனுமதி இருக்கவில்லை. தமது சொந்தப் பணியிடத்திலேயே தமக்குப் பூட்டப்பட்ட அந்த அறையைப் பற்றி, அங்கு பணியாற்றிய மார்க் க்ளைன் என்னும் தொழில்நுட்பவியலாளர் பின்னர் உலகறியச் சொன்னார்.

நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரைக் கண்காணிப்பது பற்றி இன்று ஏராளமாகப் பேசப்படுகின்றது. எனினும் அப்பேச்சில் பெரும்பகுதி பொதுப்படையானதாகவே அமைந்துவிடுகின்றது. கண்காணிப்பு எங்கே, எந்த இயந்திரத்தினால், யாருடைய கைகளால் நடைபெறுகின்றது என்பது தெளிவின்றியே போகின்றது. க்ளைனின் சாட்சியம் அவ்வாறானதன்று. அது ஒரு வீதி, ஒரு மாடி, ஒரு வடம் என்ற அளவில் திட்டவட்டமானது. அதனை விளங்கிக்கொள்வது, நமது கையடக்கத் தொலைபேசிகளில் இன்று நடப்பதை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்யும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஒளியைப் பங்கிடுதல்

க்ளைன் ஏ.டீ. அன்ட் டீ.யில் 22 ஆண்டுகள் பணியாற்றியவர். 2002ஆம் ஆண்டில், அவர் அப்போது பணியாற்றிய கியாரி வீதி அலுவலகத்திற்குத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, விசேட பணியொன்றிற்காக ஓர் ஊழியரை நேர்முகம் கண்டு சென்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் போல்சம் வீதிக் கட்டடத்தைப் பார்வையிடச் சென்ற க்ளைன், அங்கே புதிய அறை கட்டப்படுவதையும், நேர்முகத்திற்கு அழைக்கப்பட்ட அதே ஊழியர் அங்கு உபகரணங்களை நிறுவுவதில் ஈடுபட்டிருப்பதையும் கண்டார். 2003 ஒக்டோபரில் அவரே போல்சம் வீதிக்கு மாற்றப்பட்டார். ஏழாம் மாடியிலிருந்த இணைய இணைப்பறையைப் பராமரிப்பது அவரது பொறுப்பாயிற்று. அவ்வறையின் வடங்களுக்குரிய வரைபடங்களும் அவ்வழியாகவே அவரது கைக்கு எட்டின.

அவ்வரைபடங்கள் கூறிய செய்தியைப் புரிந்துகொள்ள, ஒளியிழை வடம் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். மின்னஞ்சலும் இணையப் பக்கமும் தொலைபேசி உரையாடலும் இன்று மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளினூடே ஒளித் துடிப்புகளாகப் பயணிக்கின்றன. ஒளிப்பிரிப்பி என்பது அத்தகைய ஓர் இழையில் வரும் ஒளியை இரு இழைகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் சிறு கருவி. வாய்க்கால் நீரை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வயலுக்கும் பாதி நீரே கிடைக்கும். ஒளியின் நிலை வேறு. பிரகாசம் மட்டுமே பங்கிடப்படுகின்றது, செய்தி பங்கிடப்படுவதில்லை. இரு கிளைகளிலும் முழுச் செய்தியும் அப்படியே செல்கின்றது. ஒரு கிளை தான் போகவேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்கின்றது. அனுப்பியவருக்கோ பெற்றவருக்கோ எந்தத் தாமதமும் தெரிவதில்லை. மற்றக் கிளை எங்கே செல்கின்றது என்பதுதான் வினா. போல்சம் வீதியில் அது ஏழாம் மாடியிலிருந்து கீழிறங்கி, 641ஏ இலக்க அறைக்குள் சென்றது.

பிரிக்கப்பட்ட வடங்கள் எவை என்பதும் கவனிக்கத்தக்கது. அவை ஏ.டீ. அன்ட் டீ.யின் வலையமைப்பு ஏனைய கம்பனிகளின் வலையமைப்புகளோடு தொடர்புகொள்ளும் இணைப்புகளாகும். ஸ்பிரின்ட், லெவல் 3, குளோபல் குரொசிங், குவெஸ்ட் முதலிய கம்பனிகளின் பெயர்கள் அவ்வரைபடங்களில் காணப்பட்டன. ஆகவே ஏ.டீ. அன்ட் டீ.யின் வாடிக்கையாளராக ஒருபோதும் இருந்திராதவரின் மடலும் அவ்வழியே சென்றால் பிரதிசெய்யப்பட்டது. குவெஸ்ட் கம்பனி, நீதிமன்ற அனுமதியின்றித் தனது வாடிக்கையாளரின் அழைப்பு விபரங்களைக் கையளிக்க மறுத்ததாக 2006ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அக்கம்பனி தன் வாசலைச் சாத்தி வைத்திருக்கலாம். அதன் வாடிக்கையாளரது இணையச் செய்திகள் அயலாரின் வாசலில் பிரதியெடுக்கப்படுவதைத் தடுக்க அதனால் இயலவில்லை.

அறையினுள் வைக்கப்பட்ட உபகரணங்களின் பட்டியலில் நாரஸ் என்னும் கம்பனியின் இயந்திரமொன்றும் இருந்தது. பாய்ந்து செல்லும் தரவுகளை அக்கணமே ஆராய்ந்து, வேண்டியவற்றைத் தெரிந்தெடுக்க வல்லது அது. சியாட்டில், சான் ஹோசே, லொஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ ஆகிய நகரங்களிலும் இத்தகைய பிரிப்பிகள் நிறுவப்படுவதாகச் சக ஊழியர் மூலம் க்ளைன் அறிந்துகொண்டார்.

இதில் மிகவும் துயரமான அம்சம் வேறொன்று. புதிய இணைப்புகள் வரும்போது அவற்றைப் பிரிப்பியோடு இணைத்து இயங்கச் செய்வது க்ளைனின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. தாம் சரியல்ல என்று கருதிய ஏற்பாட்டைத் தம் கைகளாலேயே பூட்டி முடுக்கும் நிலைக்கு அவர் ஆளாக்கப்பட்டார். அறையினுள் நுழைய அவருக்கு அனுமதியில்லை. அதற்கு வடமிழுத்துக் கொடுக்க மட்டும் அவர் தேவைப்பட்டார்.

இரண்டு அமானிதங்கள்

2004ஆம் ஆண்டில் க்ளைன் ஓய்வுபெற்றார். தாம் அறிந்தவற்றை அவ்வாண்டிலேயே ஒரு குறிப்பாக எழுதினார். ஆயினும் அதனை அவர் வெளியிடவில்லை. 2005 டிசம்பரில், நீதிமன்றப் பிடியாணையின்றி அமெரிக்கர்களின் தொடர்பாடல்கள் ஒட்டுக்கேட்கப்படுவதை நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. அதன் பின்னரே அவர் தமது பழைய குறிப்பைத் திருத்தி எடுத்துக்கொண்டார். 2006 ஜனவரியில், டிஜிட்டல் உரிமைகளுக்காக அதே நகரில் இயங்கும் எலெக்ட்ரோனிக் புரொன்டியர் பவுண்டேஷன் அலுவலகத்தின் கதவைத் தட்டி, அந்தரங்கம் பற்றி உங்களுக்கு அக்கறையுண்டா என்று வினவினார்.

இடைப்பட்ட அந்த இரண்டாண்டு மௌனத்தைக் குறைகூறுவோர் உண்டு. அது நியாயமான குறையன்று என்றே தோன்றுகின்றது. தனியொருவர், ஓய்வூதியத்தில் வாழ்பவர், நாட்டின் மாபெரும் கம்பனிகளுள் ஒன்றையும் அதன் மிக இரகசியமான உளவு முகவரகத்தையும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இக்காலத்தில் வீட்டு மண்டபத்தில் அமர்ந்துகொண்டு துணிச்சலை அளந்து விமர்சிப்பது எளிது.

இவ்விடத்தில் ஓர் ஒழுக்கப் பிரச்சினை எழுகின்றது. ஊழியன் தன் பணியிடத்தின் இரகசியத்தைக் காப்பது ஓர் அமானிதம். கூலி பெற்றவன் வெளியேறிய பின் உள்வீட்டுச் செய்தியை வெளியே சொல்வது நம்பிக்கைத் துரோகம் என்பதே எல்லாச் சமூகங்களிலும் பொதுவான உணர்வு. அவ்வுணர்வு தவறானதுமன்று. ஆயினும் தொலைத்தொடர்புக் கம்பனியொன்றின் கையில் உள்ள செய்திகள் அக்கம்பனிக்குச் சொந்தமானவையல்ல. தாய் மகனுக்கு எழுதியதும், நோயாளி வைத்தியருக்கு எழுதியதும், சட்டத்தரணிக்குக் கட்சிக்காரர் எழுதியதும் கொண்டுசேர்ப்பதற்காக ஒப்படைக்கப்பட்டவை. அந்த அமானிதம் முதலாவது. கம்பனிக்கும் ஊழியனுக்கும் இடையிலான அமானிதம் அதன் மீது கட்டப்பட்ட இரண்டாவது. முதலாவது மீறப்படும்போது, அந்த மீறலை மூடிவைப்பதற்கு இரண்டாவது பயன்படுத்தப்படுமாயின், இரண்டும் கெடுகின்றன.

எனினும் இவ்வாதம் எதையும் எடுத்து வெளியே வீசுவதற்கான அனுமதிச்சீட்டு ஆகாது. க்ளைன் செய்ததை நுணுகி நோக்கின் ஓர் அளவு புலப்படும். அவர் கையில் வைத்திருந்தவை வட வரைபடங்களும் உபகரணப் பட்டியலும்தான். எந்தவொரு வாடிக்கையாளரின் மடலையும் அவர் எடுத்துச் செல்லவில்லை. யார் கண்காணிக்கப்பட்டார் என்பதையும் அவர் வெளியிடவில்லை, அது அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் சட்டத்தரணிகளை நாடினார். அவரது சத்தியக் கூற்றும் ஆவணங்களும் முத்திரையிடப்பட்டு நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டன. பத்திரிகைகளையும் அவர் நாடினார் என்பது உண்மை. லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அச்செய்தியைப் பரிசீலித்துவிட்டு வெளியிடாது விட்டது. அரசாங்கத்தின் அழுத்தம் அதற்குக் காரணமன்று என்று அதன் ஆசிரியர் பின்னர் கூறினார். இறுதியில் 2006 ஏப்ரலில் நியூயோர்க் டைம்ஸ் அதனை வெளியிட்டது.

பூட்டிய கதவும் நீதிமன்றமும்

ஏ.டீ. அன்ட் டீ. மீது ஹெப்டிங் என்பவரின் பெயரில் 2006 ஜனவரி 31ஆம் திகதி வழக்குத் தொடரப்பட்டது. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் முன்னாள் ஆலோசகரான ஸ்கொட் மார்கஸ் என்பவர் க்ளைனின் ஆவணங்களை ஆராய்ந்து, அவை பரந்த அளவிலான கண்காணிப்புக்கு உகந்த கட்டமைப்பையே காட்டுகின்றன என நிபுணர் சாட்சியம் அளித்தார். ஆவணங்களைத் திருப்பித் தருமாறு கம்பனி கோரியது. நீதிபதி வோன் வோக்கர் அதற்கு இணங்கவில்லை. இது அரச இரகசியம், ஆகவே வழக்கையே தள்ளுபடி செய்யவேண்டும் என்று அரசாங்கம் வாதித்தது. 2006 ஜூலை 20ஆம் திகதி அவர் அதனையும் நிராகரித்தார். குற்றச்சாட்டு உண்மையாயின், அத்தகைய செயல் சட்டபூர்வமானது என்று கம்பனி நேர்மையாக நம்பியிருக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வழக்கு வெல்லக்கூடியதாக இருந்தது. அதனாலேயே சட்டம் மாற்றப்பட்டது. 2007 நவம்பரில் க்ளைன் தலைநகர் வொஷிங்டன் சென்று, கம்பனிகளுக்குப் பின்னோக்கிய சட்டப் பாதுகாப்பு வழங்கவேண்டாம் என்று காங்கிரஸ் உறுப்பினர்களிடம் வேண்டினார். பயன் கிட்டவில்லை. 2008 ஜூலை 10ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் கையெழுத்திட்ட திருத்தச் சட்டம், ஏற்கெனவே நடந்து முடிந்த ஒத்துழைப்புக்காகத் தொலைத்தொடர்புக் கம்பனிகள் மீது வழக்காட முடியாதவாறு செய்தது. அதே வோக்கர் 2009 ஜூன் 3ஆம் திகதி வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதனை விசாரிக்க மறுத்தது. செய்தது சரியா பிழையா என்று தீர்ப்பளிக்கப்படாமலேயே மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டது.

அரசாங்கத்திற்கு எதிராகவே தொடரப்பட்ட ஜுவெல் வழக்கின் கதை இன்னும் விசித்திரமானது. அவ்வழக்கில் 2015 பெப்ரவரியில் நீதிபதி ஜெஃப்ரி வைட் அளித்த தீர்ப்பில், அறையினுள் என்ன நடைபெற்றது என்பதை க்ளைன் நேரடியாக அறிந்தவரல்லர் என்று காரணங் காட்டப்பட்டது. வடம் அறைக்குள் போனதை அவர் அறிவார், அதன் பின் இயந்திரம் என்ன செய்தது என்பதை அவர் அறியார். சாட்சியச் சட்டத்தின் எழுத்தை நோக்கின் இது பிழையென்று கூறிவிட முடியாது. ஆனால் அவர் அறியாதிருந்தமைக்குக் காரணம், அவரை வெளியே நிறுத்திய அந்தப் பூட்டுத்தான். மறைத்தவருக்கு மறைப்பே அரணாகிவிட்டது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கையும் ஏற்க மறுத்ததோடு அப்பாதையும் அடைபட்டது.

இதற்கிடையில் 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், க்ளைன் வெளியிலிருந்து ஊகித்தவற்றின் மறுபக்கத்தைக் காட்டின. அவற்றை ஆராய்ந்த நியூயோர்க் டைம்ஸும் புரோபப்ளிக்காவும் 2015 ஓகஸ்டில் எழுதியதன்படி, ஃபேர்வியூ என்ற பெயரில் 1985இல் தொடங்கிய ஒத்துழைப்பொன்றின் பங்காளி ஏ.டீ. அன்ட் டீ.யே. க்ளைன் 2025 மார்ச்சில் தமது 79ஆவது வயதில் காலமானார். நீதிமன்றத்தில் அவர் வெல்லவில்லை.

வடத்திலிருந்து கைபேசிக்கு

சட்டம் தராத பாதுகாப்பின் ஒரு பகுதியைக் கணிதம் தந்தது. 2003இல் மின்னஞ்சல்களும் இணையப் பக்கங்களும் பெரும்பாலும் திறந்த அஞ்சலட்டை போன்று பயணித்தன. பிரிப்பியின் மறுமுனையில் இருந்தவர் அவற்றை அப்படியே வாசிக்கலாம். மறைகுறியாக்கம் என்பது அவ்வட்டையை உறையிலிட்டு மூடுவதற்கு ஒப்பானது. ஜீமெயில் 2010 ஜனவரியில் அதனை அனைவருக்கும் இயல்பான ஏற்பாடாக்கியது. ஸ்னோடனின் வெளிப்பாடுகளுக்குப் பின் இம்முயற்சி விரைவு பெற்றது. இணையத்தளங்களுக்கு மறைகுறியாக்கச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கியவர்களுள் க்ளைன் கதவைத் தட்டிய அதே நிறுவனமும் ஒன்று. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே வாசிக்கக்கூடியவையாக மாற்றப்பட்டன. இன்று அதே ஒளிப்பிரிப்பியை அதே வடத்தில் பொருத்தினால், கிடைப்பவற்றில் பெரும்பகுதி வாசிக்கவியலாத எழுத்துக் குவியலாகவே இருக்கும். ஆனால் உறையின் மேலுள்ள முகவரி மறைவதில்லை. யார், யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் தொடர்புகொண்டார் என்ற விபரம் இன்னும் பெருமளவில் வெளித்தெரியக்கூடியதே.

உறையை மூடியதும் பிரதியெடுப்போர் உறைக்குள் இடும் கைக்கே வந்துவிட்டனர். இதற்கு முஸ்லிம்களை நேரடியாகத் தொட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற அமெரிக்கச் செய்தித்தளம், தொழுகை நேரங்களையும் கிப்லாவின் திசையையும் காட்டும் முஸ்லிம் புரோ என்ற செயலியைப் பற்றி எழுதியது. அச்செயலி அதுவரை 9 கோடி 80 இலட்சத்திற்கும் அதிகமான தடவைகள் பதிவிறக்கப்பட்டிருந்தது. அது தன் பாவனையாளரின் இருப்பிட விபரங்களை எக்ஸ்-மோட் என்ற தரவு வணிகக் கம்பனிக்கு அனுப்பியது. அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்தகாரர்கள் அக்கம்பனியின் வாடிக்கையாளராக இருந்தனர். செய்தி வெளியானதும் முஸ்லிம் புரோ அக்கம்பனியுடனான உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த மாதம் எக்ஸ்-மோட்டின் நிரல்துண்டைச் செயலிகளிலிருந்து நீக்குமாறு அப்பிளும் கூகுளும் செயலி தயாரிப்பாளருக்குக் கட்டளையிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, அப்போது அவுட்லொஜிக் எனப் பெயர் மாறியிருந்த அதே கம்பனி வணக்கத்தலங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்குச் செல்வோரைக் காட்டும் தரவுகளை விற்பதைத் தடைசெய்தது.

இங்கே க்ளைன் போன்ற உள்ளிருந்த ஊழியர் தேவைப்படவில்லை. செயலியை நிறுவி, அது எங்கெல்லாம் செய்தி அனுப்புகின்றது என்று அவதானித்தே செய்தியாளர் முதற்பாதியைக் கண்டுபிடித்தார். தொலைபேசி நம் கையில் இருப்பதனால் அது இயலுமாயிற்று. ஆனால் தரவு கையை விட்டுச் சென்ற பின் யார் வாங்கினர் என்ற மறுபாதி மீண்டும் பூட்டிய அறைதான். செனட்டர் ரொன் வைடனின் அலுவலகம் அழுத்திக் கேட்டபோதே இராணுவ வாடிக்கையாளருக்கு விற்றதை எக்ஸ்-மோட் ஒப்புக்கொண்டது.

செயலிக்கு நமது இருப்பிடம் தேவை என்ற வாதத்தைச் சற்று நிறுத்துப் பார்க்கலாம். தொழுகை நேரம் சூரியனின் நிலையைப் பொறுத்தது. ஒரு பாகை நெடுங்கோட்டிற்கு நான்கு நிமிட வித்தியாசம். நமது பிரதேசங்களில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஆகவே கிழக்கு மேற்காகப் பத்துக் கிலோமீட்டர் நகர்ந்தால் நேரம் மாறுவது ஏறத்தாழ 22 செக்கன்கள் மட்டுமே. கிப்லாவும் அவ்வாறே. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ மக்கா நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நகரினுள் ஐந்து கிலோமீட்டர் இடம் மாறினாலும் திசையின் மாற்றம் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கை எட்டாது. வீட்டின் எந்த மூலையில், எந்தத் தெருவில், எந்தப் பள்ளிவாசலில் இருக்கின்றோம் என்ற நுட்பம் இக்கணக்கிற்குத் தேவையே இல்லை. அந்த நுட்பம் தேவைப்படுவது வாங்குபவருக்கு.

எனவே நடைமுறையில் செய்யக்கூடியது கடினமன்று. தொலைபேசியின் அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் இருப்பிட அனுமதி தனித்தனியே தரப்பட்டுள்ளது. துல்லியமான இருப்பிடம் என்பதை நிறுத்தி அண்ணளவான இருப்பிடத்தை மட்டும் வழங்கலாம். அதனினும் சிறந்தது, அனுமதியை முற்றாக மறுத்துவிட்டு நகரின் பெயரைத் தெரிவுசெய்து கொடுப்பது. பள்ளிவாசல் சுவர்களில் தொங்கும் அச்சிட்ட நேர அட்டவணை பல தசாப்தங்களாக அவ்வாறுதான் இயங்கி வருகின்றது. ஊரின் பெயர் மட்டுமே அதற்குத் தெரியும். அதன் எதிரே நின்று நேரம் பார்த்துச் சென்றவர் யார் என்பது அதற்குத் தெரியாது.